கலிங்குக்குச் சாட்சி வைத்தவர்

அவர் எங்கள் வீட்டுச் சுவரில் ஒரு கண்ணாடித் துண்டை ஒட்டிவிட்டுப் போன அன்றுதான் என் மனைவி அவரை முதல்முறையாகத் திட்டினாள்.

அவர் வந்தது சாப்பிடுவதற்கு. தீபாவளிக்கு மறுநாள், நான்தான் வருந்தி அழைத்திருந்தேன். அப்போது ஃபேரர் பார்க் பக்கம் ஒரு லைன் வீட்டில் குடியிருந்தோம். இலை போட்டாயிற்று, கறி வைத்தாயிற்று, என் மனைவி இடியாப்பத் தட்டோடு வந்து நிற்கிறாள். மனிதர் இலையைப் பார்க்கவில்லை, எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். கதவு நிலைக்கு மேலே மயிரிழை அளவுக்கு ஒரு விரிசல். எழுந்துபோய் அதை நகத்தால் தடவினார். சட்டைப் பையிலிருந்து ஒரு சிகரெட் டப்பாவை எடுத்தார். அவருக்குச் சிகரெட் பழக்கம் கிடையாது. டப்பாவுக்குள் பஞ்சு, பஞ்சுக்குள் விரல் நீளத்தில் மெல்லிய கண்ணாடித் துண்டுகள். ஒன்றை எடுத்து விரிசலுக்குக் குறுக்கே வைத்து, இரண்டு முனையிலும் கொஞ்சம் சாந்தை அப்பி, பக்கத்தில் தேதியை எழுதினார். அப்புறம்தான் கை கழுவினார்.

"இது நடக்குதா நிக்குதான்னு தெரியணும்மா," என்றார்.

"சுவரு எங்கய்யா நடக்கும்?"

"நடக்கும்மா. நம்மகிட்ட சொல்லாம நடக்கும். இந்தக் கண்ணாடி சாட்சி. சுவரு ஒரு நூல் நகர்ந்தாலும் இது பட்டுனு உடைஞ்சிடும். உடைஞ்சா எனக்குச் சொல்லி அனுப்புங்க. உடையலேன்னாலும் சொல்லி அனுப்புங்க."

அவர் போனதும் என் மனைவி, "இவரு சாப்பிட வந்தாரா, சோதனைக்கு வந்தாரா?" என்று ஆரம்பித்தவள் அந்தி வரைக்கும் ஓயவில்லை. பக்கத்து வீட்டுப் பெண்ணோ அந்தக் கண்ணாடியை வேறு மாதிரி புரிந்துகொண்டாள். ஒரு வாரம் கழித்து வந்து, பிள்ளைக்கு இருமல் விடவில்லை, அந்த இன்ஸ்பெக்டரை எங்கள் வீட்டுக்கும் ஒன்று மந்திரித்து ஒட்டச் சொல்லுங்கள் என்று கேட்டாள். அவரும் வந்து ஒட்டினார், ஏனென்றால் அங்கேயும் ஒரு விரிசல் இருந்தது. பிள்ளைக்கு இருமல் நின்றுவிட்டது. அதற்குப் பொறுப்பேற்க அவர் மறுத்துவிட்டார்.

அவருடைய பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால், எங்கிருந்தாவது வந்து அதற்குச் சாட்சி கேட்பார். எங்கள் கூட்டத்தில் அவருக்குச் சாட்சிக்காரர் என்றுதான் பெயர்.

நான் கொத்தனார். புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்து, ஐம்பதுகளின் நடுவில், நீர்த்தேக்கங்களைப் பராமரிக்கிற பிரிவில் தினக்கூலியாகச் சேர்ந்தேன். அவர் அங்கே இன்ஸ்பெக்டர். அணை நிறைந்து போனால் மிச்சத் தண்ணீர் வெளியேறுவதற்கு ஒரு வழி விட்டிருப்பார்கள். ஆபீஸில் அதற்கு ஸ்பில்வே என்று பெயர், எங்கள் ஊரில் கலிங்கு. எங்கள் பொறுப்பிலிருந்த கலிங்கு எங்கள் இருவரையும்விட வயதில் மூத்தது. ஆள் உயரத்துக்கு மேலே இரண்டு பக்கமும் சுவர், நடுவில் பாசி பிடித்த கல் படிகள், எல்லாம் சரிந்து இறங்கிக் காட்டுக்குள் போகும். மழைக்காலத்தில் தண்ணீர் அந்தப் படிகளில் விழுந்து இறங்குகிற சத்தத்தில் நாங்கள் சைகையால்தான் பேசிக்கொள்வோம்.

வயதான கலிங்கு எப்படி இருக்கிறது என்று பார்த்து எழுதித் தருவதுதான் அவர் வேலை. மற்ற இன்ஸ்பெக்டர்கள் மேலே நின்று, குடையைப் பிடித்துக்கொண்டு, ஒரு பார்வை பார்த்து, 'நல்ல நிலை' என்று எழுதிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். இவர் செருப்பைக் கழற்றுவார். கால்சட்டையை முழங்காலுக்கு மேலே மடிப்பார். ஒவ்வொரு படியாக இறங்கி, கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே பூச்சு போயிருக்கிறதா என்று ஒரு கம்பியால் குத்திப் பார்ப்பார். சுவரில் தண்ணீர் கசிவதற்கென்று விட்ட ஓட்டைகளின் முன்னால் குப்புறப் படுத்து, கசிகிற தண்ணீரைச் சின்னக் குப்பியில் பிடித்து வெளிச்சத்தில் காட்டுவார். தெளிவாக வந்தால் கவலை இல்லை. கலங்கி வந்தால் சுவருக்குப் பின்னாலிருந்து மண் அரித்துக்கொண்டு வருகிறது என்று அர்த்தம். அந்தக் குப்பிகளுக்குத் தேதி எழுதி ஆபீஸ் ஜன்னலில் வரிசையாக வைத்திருந்தார். ஒரு தடவை புதிதாக வந்த பியூன் அவற்றையெல்லாம் கொட்டிக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டான். ஆறு மாதத்துத் தண்ணீர். சாட்சிக்காரர் அன்று முழுவதும் யாரோடும் பேசவில்லை. மறுநாள் அந்தப் பியூனைக் கூப்பிட்டு, "கழுவினது சுத்தமா இருக்கு," என்றார். அவ்வளவுதான் கோபம்.

எந்த விஷயத்தையும் அவர் உடனே நல்லது என்று சொல்லி நான் கேட்டதில்லை. கெட்டது என்றும் சொல்ல மாட்டார். "ஒரு மழை போகட்டும்," என்பார். சிராங்கூன் சாலையில் புதிதாக ஒரு சாப்பாட்டுக் கடை திறந்தார்கள். எப்படி சார் சாப்பாடு என்று கேட்டோம். "ஒரு மழை போகட்டும்." மழைக்கும் சாம்பாருக்கும் என்ன சம்பந்தம் என்று எங்களுக்கு விளங்கவில்லை. மழை வந்தது, கடைக்குள் முழங்கால் தண்ணீர் ஏறியது, கடைக்காரர் பெஞ்சின் மேல் அடுப்பை ஏற்றி, வந்த ஆளுக்குச் சோறு போட்டார். அதற்கப்புறம் சாட்சிக்காரர் வேறு கடையில் சாப்பிட்டதே இல்லை.

இதே புத்தியோடு அவர் தம் தங்கை மகளுக்கு மாப்பிள்ளை பார்த்தார். பையன் நல்ல வேலை, நல்ல நிறம், வீட்டார் தட்டுத்தட்டாகப் பலகாரம் வைத்தார்கள், எல்லாருக்கும் சம்மதம். இவர் மட்டும் தேதி குறிக்க விடவில்லை. டிசம்பரில் ஒரு நாள் வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. சொல்லாமல் கொள்ளாமல் மாப்பிள்ளை வீட்டுக்குப் போய் நின்றார். கூரை ஒழுகிக்கொண்டிருந்தது, பையனின் அம்மா வாளியும் சட்டியுமாக ஓடிக்கொண்டிருந்தார், பையன் கட்டிலை ஒழுகாத மூலைக்கு இழுத்துப் போட்டு அதன்மேல் தூங்கிக்கொண்டிருந்தான். சம்பந்தம் அன்றோடு முடிந்தது. தங்கை ஒரு வருஷம் அவரோடு பேசவில்லை. அந்தப் பெண் பிற்பாடு வேறொருவரைக் கட்டிக்கொண்டு சந்தோஷமாகத்தான் இருந்தாள், அந்த மனிதரையும் ஒரு மழை பார்த்துவிட்டுத்தான் விட்டார்.

இப்படிப்பட்டவருடைய கண்ணில் கலிங்கின் வலது சுவரில் ஒரு விரிசல் பட்டது.

மேலிருந்து கீழே கோணலாக இறங்கிய விரிசல், என் சுண்டுவிரல் நுழையும். விரிசல் இருப்பது குற்றம் இல்லை என்று அவர் அடிக்கடி சொல்வார். கட்டின நாளிலிருந்து இருந்து அப்படியே தூங்கிப்போன விரிசல் ஆயிரம் உண்டு. முழித்துக்கொண்டு நடக்கிற விரிசல்தான் ஆபத்து. இந்த வலது சுவர் பெருவெள்ளத்தில் சாய்ந்தால், தண்ணீர் தன் வழியை விட்டுவிட்டு நேராகக் கீழே இருந்த கம்பத்துக்குள் பாயும். கம்பம் என்றால் மலாயில் சிற்றூர், இருபது முப்பது ஓலை வேய்ந்த அத்தாப்பு வீடு, கீரைத்தோட்டம், பன்றிக் கொட்டகை. அதனால் விரிசல் தூங்குகிறதா, நடக்கிறதா என்று அவருக்குத் தெரிந்தே ஆகவேண்டும். சாட்சி வைக்க முடிவு செய்தார். சாந்து குழைக்கிற வேலையை என்னிடம் கொடுத்தார்.

இங்கேதான் நான் வருகிறேன்.

வெறும் சாந்தை வைத்துக் கண்ணாடி ஒட்டுவது எனக்குக் கைவரவில்லை. மனசும் ஒப்பவில்லை. என் அப்பா கோயில் மதிலும் செட்டியார் வீடும் கட்டியவர். சுண்ணாம்பில் கடுக்காய்த் தண்ணீரும் கருப்பட்டியும் ஊற்றிக் குழைத்தால்தான் பிடிமானம் என்று அடித்துச் சொல்லிக்கொடுத்திருந்தார். கடுக்காய் நாட்டு மருந்துக் கடையில் கிடைத்தது. கருப்பட்டிக்கு எங்கே போவது? தேக்கா சந்தையில் மலாய்க்காரரிடம் குலா மலாக்கா வாங்கினேன். அதுவும் பனைவெல்லம் மாதிரிதான், தென்னையிலிருந்து எடுப்பது, நிறமும் அதே. முந்தின நாளே ஊறவைத்து, சுண்ணாம்போடு குழைத்து, டின்னில் கொண்டுபோனேன். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் ஆபீஸ் முறைக்கு விரோதம் என்பார்கள். கண்ணாடி கல்மாதிரி நிற்கும்போது என் கைத்திறமை தானே தெரியட்டும் என்று இருந்தேன்.

அவர் குனிந்து மோந்து பார்த்தார். "என்னப்பா கொத்தனாரே, பாயச வாசனை வருது?"

"என் சோத்துப் பெட்டி சார்," என்றேன்.

ஏழு சாட்சி வைத்தோம். காட்டு ஓரத்துக் கலிங்கு அது, சுற்றிலும் குரங்குக் கூட்டம். இப்போது உங்களுக்கு விஷயம் புரிந்திருக்கும். எனக்குப் புரிவதற்கு மூன்று மழை ஆயிற்று.

முதல் மழைக்குப் பிறகு போய்ப் பார்த்தால் ஏழில் ஐந்து உடைந்து கிடந்தன. அன்றைக்கே அறிக்கை எழுதினார்: வலது சுவர் நடக்கிறது, உடனே பழுது பார்க்கவேண்டும், அதுவரைக்கும் அணையின் மேல்விளிம்பில் தண்ணீர் கூடுதலாக நிற்க வைத்திருக்கும் பலகைகளை எடுத்துவிட வேண்டும். எங்கள் பிரிவின் மேலதிகாரியான துரை அதன் ஓரத்தில் ஒரே வரி எழுதித் திருப்பி அனுப்பினார், குரங்கு உடைத்திருக்கும் என்று.

சாட்சிக்காரர் அதைக் கௌரவக் குறைச்சலாக எடுத்துக்கொள்ளவில்லை. குரங்குக்கும் ஒரு சோதனை வைத்தார். வெறும் கண்ணாடித் துண்டுகளைச் சாந்து இல்லாமல் சுவரின் மேல் பரப்பி வைத்துவிட்டு, எட்டு ஞாயிற்றுக்கிழமை குடையும் டிபன் கேரியருமாகப் படியில் உட்கார்ந்து பார்த்தார். குரங்குகள் அவருடைய தோசையைத் தூக்கிக்கொண்டு போயின. குடையைப் பிய்த்தன. ஒரு கண்ணாடியைக்கூடத் தொடவில்லை. 'குரங்குகளுக்குக் கண்ணாடியில் ஆர்வம் இல்லை' என்று இரண்டு பக்கம் எழுதி, எட்டு ஞாயிற்றுக்கிழமையின் தேதியும் போட்டு அனுப்பினார். ஆபீஸே விழுந்து விழுந்து சிரித்தது. ஆனால் எழுதியதில் ஒரு சொல் பொய் இல்லை.

அடுத்த மழைக்கும் புதுச் சாட்சி, அதே டின், அதே கலவை. ஆறு உடைந்தது. மூன்றாம் மழைக்கு ஏழும் போயிற்று. நான் ஒவ்வொரு தடவையும் சாந்து போதவில்லையோ என்று வெல்லத்தைக் கூட்டிக்கொண்டே போனேன்.

இதற்கு நடுவே கம்பத்தில் அவர் செய்த கூத்து தனி. பெருமழை பிடித்த நாளெல்லாம் சைக்கிளை எடுத்துக்கொண்டு அங்கே போய்விடுவார். சுவருக்கு நேர் கீழே முதல் வீடு ஒரு சீன அம்மாவுடையது. புருஷன் இல்லை, பதினைந்து இருபது பன்றி வளர்த்துத் தனியாகப் பிழைத்துக்கொண்டிருந்தார். இவர் தமக்குத் தெரிந்த அரைகுறை மலாயில், "ஆயர் நாயிக், நோன்யா, ஆயர் நாயிக்!" என்று கத்துவார், தண்ணீர் ஏறுகிறது அம்மா என்று. அந்த அம்மா இவரைப் பழித்துக்கொண்டே பன்றிகளை ஒவ்வொன்றாகப் பின்னால் இருந்த மேட்டுக்கு ஓட்டுவார். மழை விடும், தண்ணீர் வராது, பன்றிகள் மறுபடியும் இறங்கும். மூன்று வருஷம் இதே கதை. ஒரு பன்றி சறுக்கிக் காலை ஒடித்துக்கொண்டது. அன்றைக்கு அந்த அம்மா விளக்குமாற்றோடு இவரைச் சாலை வரைக்கும் துரத்தினார்.

மூன்றாம் வருஷம் வானம் முன்னால் அள்ளிக் கொட்டிவிட்டுப் பின்னால் கையை விரித்துவிட்டது. தண்ணீருக்குத் தட்டுப்பாடு வந்தது. அணையில் நிற்கிற ஒவ்வொரு அங்குலமும் ஊருக்கு வேண்டியிருக்கிற நேரத்தில் இவர் பலகையை எடு, தண்ணீரை விடு என்று விடாமல் எழுதிக்கொண்டிருந்தார். துரைக்குப் பொறுமை போயிற்று. கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். திங்கட்கிழமை மேலிடத்திலிருந்து ஆட்கள் வருகிறார்கள், உன் சாட்சியை அவர்கள் முன்னால் வை. சுவர் நடப்பது உண்மையென்றால் தண்ணீரை விட்டுப் பழுது பார்ப்போம். இல்லையென்றால் மறுநாளிலிருந்து நீ வீடு வீடாகத் தண்ணீர் மீட்டர் பார்க்கப் போகலாம். இருபது வருஷம் கலிங்கிலும் அணையிலும் புழங்கிய மனிதருக்கு அதைவிடப் பெரிய தண்டனை வேறு இல்லை. அவர் கொஞ்சமும் அசரவில்லை. மூன்று வருஷச் சாட்சி கையில் இருக்கும்போது எதற்குப் பயப்படவேண்டும் என்றார்.

அந்தத் திங்கட்கிழமைக்கு முந்தின செவ்வாய்க்கிழமை கலிங்கில் புல் செதுக்க நான் தனியாகப் போயிருந்தேன். லேசான தூறல். வலது சுவரின் மேல் ஒரு தாய்க்குரங்கு உட்கார்ந்திருந்தது. குட்டி மடியில். அது என்ன செய்கிறது என்று பார்த்தேன். உடைந்துபோன சாட்சியின் மிச்சச் சாந்தைப் பல்லால் சுரண்டி, நக்கிப் பார்த்து, ஒரு துண்டைக் குட்டியின் வாயில் வைத்தது. குட்டி சப்புக்கொட்டியது. நான் மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன். குரங்குக்குக் கண்ணாடியில் ஆர்வம் இல்லைதான். மழை பெய்து சாந்து இளகினதும் அதற்கு வேண்டியது என் அப்பா சொல்லிக்கொடுத்த பிடிமானம்.

மூன்று நாள் நான் வாயைத் திறக்கவில்லை. ஒன்று, என் வேலை போய்விடும், வீட்டில் இரண்டு பிள்ளைகள். இன்னொன்று, அவர் என்னைப் பார்ப்பாரே, அந்தப் பார்வை. வெள்ளிக்கிழமை என் மனைவி முகத்தைப் பார்த்தே என்னவோ ஏதோ என்று குடைந்து எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டாள். கேட்டுவிட்டு நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

"அந்த மனுசன் கண்ணாடி ஒட்டுறாருன்னு நான் திட்டுனேன். நீ வெல்லத்தை ஒட்டியிருக்கியே! போய்ச் சொல்லு. இப்பவே போ. அவரு திங்கக்கிழமை எல்லாரு முன்னாடியும் போயி நின்னு பேசிட்டாருன்னா அப்புறம் உன் மூஞ்சில நான் முழிக்க மாட்டேன்."

சனிக்கிழமை காலையில் அவர் கலிங்கில் இருந்தார், மேலிடத்து ஆட்கள் நடப்பதற்காகப் படியில் பாசியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். அவர் தேய்ப்பதை நிறுத்தினார்.

"எந்தக் கடை?" என்று கேட்டார்.

"என்ன சார்?"

"குலா மலாக்கா. எந்தக் கடையில வாங்குனே?"

"தேக்காவில சார்."

"டின்னுக்கு எத்தனை கட்டி?"

"முதல் வருசம் ஒண்ணு. கடைசித் தடவை மூணு."

அவர் தலையை ஆட்டினார். நோட்டை எடுத்து, மூன்று வருஷத்துப் பக்கங்களையும் புரட்டி, ஒவ்வொன்றிலும் குறுக்கே ஒரு கோடு போட்டார். அதைப் பார்த்துக்கொண்டு நின்றதுபோல நான் என் வாழ்நாளில் வேறெதையும் பார்த்துக்கொண்டு நின்றதில்லை. பிறகு மெதுவாகச் சொன்னார்.

"மூணு வருசமா நாம குரங்குக்குப் பாயசம் ஊட்டியிருக்கோம் லா."

"நான் வந்து துரைகிட்ட சொல்றேன் சார். செஞ்சது நான்."

"நீ வாயைத் திறக்காதே. நீ தினக்கூலி. உன்னை ஒரு வார்த்தையில அனுப்பிடுவாங்க. என்னை அனுப்பணும்னா மூணு ஃபைல் எழுதணும். எழுதட்டும். பாயச வாசனை வருதுன்னு கேட்டேனே தவிர, டின்னுக்குள்ள விரலை விட்டு நக்கிப் பார்த்தேனா? சோதிக்காதது யாரு தப்பு?"

திங்கட்கிழமை மேலிடத்து ஆட்கள் முன்னால் அவர் எழுந்து நின்று, என் சாட்சி கெட்டுப்போயிருக்கிறது, சாந்தில் கோளாறு, மூன்று வருஷ அறிக்கையையும் தள்ளிவிடுங்கள் என்றார். யார் குழைத்தது என்று துரை இரண்டு தடவை கேட்டாராம். என் பொறுப்பு என்று இரண்டு தடவையும் ஒரே பதில். கடைசியாக அவர் ஒன்றே ஒன்று கேட்டார். சுவர் நடக்கிறதென்று சொல்ல என்னிடம் இப்போது சாட்சி இல்லை, நடக்கவில்லையென்று சொல்ல உங்களிடமும் இல்லை, புதிதாக வைத்து இன்னும் ஒரு மழை பாருங்கள் என்று. துரை நியாயமானவர்தான், சரி என்றார். சரி என்ற கையோடு மாற்றல் உத்தரவிலும் கையெழுத்துப் போட்டார்.

புதுச் சாட்சியை நான்தான் வைத்தேன். வெறும் சிமெண்ட், வெறும் மணல். டின்னை அவரே வாங்கி விரலை விட்டு நாக்கில் வைத்துப் பார்த்து, முகத்தைச் சுளித்துத் துப்பிவிட்டு, "இது சரி," என்றார். அதுதான் அங்கே அவருக்குக் கடைசி நாள்.

மீட்டர் பார்க்கிற வேலையில் அவர் எப்படி இருந்தார் என்பதை எங்கள் லைன் வீட்டுப் பெண்கள் சொல்லித்தான் கேட்டேன். ரேஸ் கோர்ஸ் சாலைப் பக்கமெல்லாம் அவர் வட்டாரம். மற்றவர்கள் ஒரு நாளில் முடிக்கிற தெருவை அவர் மூன்று நாள் முடிப்பார். குனிந்து மீட்டரைப் பார்த்து எழுதிக்கொண்டு நிமிரும்போது, "மீட்டர் நல்லா இருக்கும்மா. உங்க சுவருதான் நடக்குது," என்பார். சிலர் கதவைச் சாத்தினார்கள். சிலர் டீ கொடுத்தார்கள்.

அந்த வருஷக் கடைசியில் வந்த மழையை நான் மறக்க மாட்டேன். அணை நிறைந்து, கலிங்கு முழுக்கத் தண்ணீர் புரண்டு விழுந்தது. வலது சுவர் அதிர்வதைக் கையை வைத்துப் பார்த்தேன். எனக்கு இரண்டு ஆசையும் இருந்தது. சாட்சி உடைந்தால் அவர் சொன்னது மெய்யாகும், வேலை திரும்பக் கிடைக்கும். உடையாவிட்டால் கம்பம் பிழைக்கும். எதை வேண்டிக்கொள்வது என்று தெரியாமல் நனைந்துகொண்டு நின்றேன். மழையெல்லாம் ஓய்ந்து, பிப்ரவரியில், சுவரில் ஏறி ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஏழும் முழுசாக இருந்தன. ஓர் ஓரம்கூடப் பிசகவில்லை. சுவர் எத்தனை காலமாகவோ தூங்கிக்கொண்டிருந்தது.

அதைச் சொல்ல ரேஸ் கோர்ஸ் சாலைக்குப் போனேன். கடை வாசலில் குந்தி உட்கார்ந்து மீட்டர் மூடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஏழும் முழுசா இருக்கு சார்."

"தொட்டுப் பார்த்தியா?"

"தொட்டுப் பார்த்தேன்."

"அஞ்சாவது? அது கோணையா வச்சோமே?"

"அதுவும் முழுசு."

அவர் அப்படியே நடைபாதையில் உட்கார்ந்துவிட்டார். இருபது வருஷ வேலையைப் பறிகொடுத்தது ஒன்றுமில்லாத விஷயத்துக்காக என்று இப்போதுதான் அவருக்கு உறுதியாயிற்று. அழப்போகிறார் என்று நினைத்தேன். மனிதர் சிரித்தார். கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "ஒண்ணும் இல்லண்ணே, நான் சொன்னது தப்பாம்!" என்று அவரிடம் சொல்லிவிட்டு மறுபடியும் சிரித்தார். பிள்ளை பிறந்த சேதி என்று நினைத்துக் கடைக்காரர் கை கொடுத்தார். தான் தோற்றதைக் கேட்டு இப்படிச் சந்தோஷப்பட்ட ஒரு மனிதரை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. எனக்குத்தான் கண்ணில் தண்ணீர் வந்தது.

"எழுந்திரு," என்றார். "அந்த அம்மாகிட்ட சொல்லணும்."

இரண்டு பேரும் சைக்கிளில் போய்ச் சேர்ந்தோம். சீன அம்மா பன்றிக்குக் கூழ் காய்ச்சிக்கொண்டிருந்தார். இவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "சாயா சாலா, நோன்யா," என்றார். தப்பு என்னுடையது என்று. சுவர் விழாது, இனிமேல் பன்றிகளை ஏற்ற வேண்டாம் என்று கையாலும் காலாலும் விளக்கினார். அந்த அம்மா கரண்டியை வைத்துவிட்டுத் திட்ட ஆரம்பித்தார். முதலில் மலாயில், பிறகு தம் சீனத்தில், பிறகு காலொடிந்த பன்றியை இழுத்துவந்து காட்டி மறுபடியும் மலாயில். இவர் தொப்பியோடு நின்று எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார்.

திட்டித் தீர்ந்ததும் அந்த அம்மா ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தார். இனி மழை பெய்தால் நீ வரமாட்டாயா என்று கேட்டார்.

எனக்கு இப்போது மீட்டர் பார்க்கிற வேலை என்றார் இவர்.

அந்த அம்மா சுற்றிப் பார்த்தார். அந்தக் கம்பத்தில் ஒரு வீட்டில்கூடக் குழாய் கிடையாது. அவ்வளவு பெரிய அணைக்குக் கீழே இருந்துகொண்டு கிணற்றில்தான் இறைத்துக்கொண்டிருந்தார்கள். இங்கே மீட்டரே இல்லையே என்றார். பிறகு சொன்னதை நான் தமிழில் எழுதுகிறேன், மலாயில் அது இன்னும் எளிமையாக இருந்தது: "எனக்குப் பயம் இருக்கவில்லை. நீதான் கொண்டுவந்து வைத்தாய். இப்போது சுவர் தூங்குகிறது என்கிறாய். நான் எப்படித் தூங்குவது?"

அவர் தொப்பியைப் போட்டுக்கொண்டு சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வந்தார்.

அடுத்த மழைக்காலத்தில் முதல் பெருமழை ஒரு மத்தியான நேரத்தில் பிடித்தது. எனக்கு மனசு கேட்கவில்லை, வேலையைப் போட்டுவிட்டுக் கம்பத்துக்கு ஓடினேன். மீட்டர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, காக்கிச் சட்டை உடம்போடு ஒட்ட, ஒரு பெரிய பன்றியின் பின்பக்கத்தை முட்டுக்கொடுத்துத் தள்ளிக்கொண்டு அவர் மேட்டில் ஏறிக்கொண்டிருந்தார். மேலே அந்த அம்மா நின்று இரண்டு பேரையும் அதட்டிக்கொண்டிருந்தார்.

"சார், ஏழு சாட்சியும் சொல்லிடுச்சே, சுவரு நடக்கலேன்னு. இப்ப எதுக்கு இது?" என்று கத்தினேன்.

"சுவருக்கு இல்லப்பா," என்றார் மூச்சு வாங்க. "அந்த அம்மாவுக்கு இன்னும் பயமா இருக்கு லா. வா, இந்தப் பக்கம் பிடி."

போய்ப் பிடித்தேன்.